காதை அடைக்காமல் பாட்டு கேட்க

2011-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏழு பெருநகரங்களில் இரவு பகலாக இரைச்சலை அளக்கும் கருவிகளை நிறுவத் தொடங்கியது. சென்னையில் முதலில் தேர்ந்தெடுத்த இடங்களில் பெரம்பூரும் ஒன்று. இங்கே வளர்ந்தவர்களுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது. ஒரு பக்கம் 1955 முதல் ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப்., இன்னொரு பக்கம் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், நடுவே அரக்கோணம் ரயில் பாதை. போதாததற்கு மாதவரத்திலிருந்து வரும் மெட்ரோவின் சுரங்க வேலை. வணிகப் பகுதியில் பகலில் 65 டெசிபல், இரவில் 55 என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. மாலை ஆறு மணிக்குப் பேப்பர் மில்ஸ் சாலையில் பக்கத்தில் நடப்பவரோடு பேச எவ்வளவு குரல் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். அந்த வரம்பின் கதி புரியும்.

இந்த இரைச்சலுக்குப் பயந்துதான் என் அண்ணன் மகள் ரப்பர் முனை வைத்த இயர்பட்ஸை நாள் முழுக்கக் காதில் வைத்திருந்தாள். முதலில் அரிப்பு, பிறகு வலி. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டுப் பூஞ்சை என்றார். மருந்து முடிந்த அன்று என்னிடம் வந்தாள். "சித்தப்பா, காதை அடைக்காத மாதிரி ஒண்ணு வேணும். ரெண்டாயிரத்துக்குள்ள."

காதுத் துளையை நாம் வெறும் பொந்து என்று நினைக்கிறோம். இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழல் தன்னைத்தானே பெருக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் வீடு. அதன் தோல் செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி, நகம் வளர்வது போன்ற மெதுவான வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. குறும்பியையும் தூசியையும் அதுவே சுமந்துவந்து வெளியே தள்ளிவிடும். வாசலில் ரப்பரை வைத்து அடைத்தால் வருவது திரும்பி உள்ளே போகிறது. கடலோர ஊரின் ஈரக்காற்றில் வியர்வையும் உள்ளே தங்கிவிட்டால், பூஞ்சைக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது.

இன்னொன்றையும் நீங்களே சோதிக்கலாம். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு "ஈ..." என்று இழுங்கள். குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல உங்கள் குரல் முழங்கும். பேசும்போது தாடை எலும்பின் அதிர்வு காதுக் குழலின் சுவரையும் அதிரவைக்கிறது. திறந்த காதில் அந்தத் தாழ்ந்த ஒலி வாசல் வழியே வெளியேறிவிடும். அடைத்த காதில் போக வழியில்லாமல் செவிப்பறையின் மேலேயே விழும். ரப்பர் முனையோடு போனில் பேசும்போது சொந்தக் குரலே அந்நியமாக ஒலிப்பதும், நடந்தால் காலடி தலைக்குள் இடிப்பதும் இதனால்தான்.

அப்படியானால் எல்லோரும் ஏன் காதை அடைக்கிறார்கள்? பேஸ் எனும் தாழ்ந்த ஒலி வேண்டும் என்பதற்காக. மூடிய குழலுக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். அவ்வளவு சின்னக் கொள்ளளவில் ஒலிபெருக்கியின் சவ்வு இம்மி அசைந்தாலும் காற்று முழுவதும் அழுந்திச் செவிப்பறையைத் தள்ளும். அதே சவ்வைக் காதுக்கு வெளியே வைத்தால் காற்று அழுந்தாமல் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3 மீட்டருக்கும் அதிகம்; விரல்நுனி அளவு சவ்வுக்கு முன்னே எழும் அழுத்தமும் பின்னே எழும் இழுப்பும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால்தான் காதை அடைக்காத திறந்த வகையில் சவ்வைப் பெரிதாக வைக்கிறார்கள், ஒலி வரும் வாயைக் காதுத் துளைக்கு எவ்வளவு அருகில் கொண்டுவர முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுவருகிறார்கள். சில கருவிகளில் பின்பக்க ஒலியை வேறொரு துளை வழியாக வேண்டுமென்றே வெளியே விடுகிறார்கள். தூரத்தில் இரண்டு ஒலியும் மோதி அழியும். பேஸைத் தின்ற அதே விதி, பக்கத்து இருக்கைக்காரருக்கு உங்கள் பாட்டுக் கேட்காமலும் காக்கிறது. எனக்கு இதில் தீராத வியப்பு.

ஆனால் அண்ணன் மகளிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு. நன்றாகப் பொருந்திய ரப்பர் முனை வெளி இரைச்சலில் 15 முதல் 25 டெசிபல் வரை தடுக்கும். திறந்த வகை எதையும் தடுக்காது. பேருந்தில் பாட்டுக் கேட்க வேண்டுமானால் பேருந்தைவிடப் பாட்டு சத்தமாக இருக்க வேண்டும். கை தானாக ஒலியை ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 92 டெசிபலில் வாரம் முழுவதற்குமே இரண்டரை மணி நேரம்தான். ஒவ்வொரு காதின் உள்ளேயும் நத்தைக்கூட்டில் பதினையாயிரம் அளவுக்கு மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. அழிந்தவை மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை. காதைத் திறந்து வைத்திருப்பதாலேயே அது பாதுகாப்பாகிவிடாது.

வாங்கப் போனோம். ரப்பர் இல்லாமல் காதுக்குழியில் உட்கார்வதுதான் எல்லாவற்றிலும் மலிவு. சிறிய காதிலிருந்து நழுவும். காது மடலைச் சுற்றி மாட்டும் கொக்கி வகை உறுதியாக நிற்கும், ஆனால் அவள் மூக்குக்கண்ணாடி போடுபவள். கண்ணாடிக் காம்பும் கொக்கியும் ஒரே இடத்துக்குச் சண்டை போட்டன. கம்மல் போல மடல் ஓரத்தைக் கவ்வும் வகை அவளுக்குப் பொருந்தியது. கவ்வும் வகையை ஐந்து நிமிடத்தில் முடிவுசெய்யக் கூடாது. அரை மணி நேரம் போட்டிருந்தால்தான் அழுத்தம் தெரியும், திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்குவது நல்லது.

எலும்பு வழியே கேட்கும் கருவி என்று மலிவு விலையில் சில விற்கிறார்கள். அவற்றில் உண்மை எது, போலி எது என்று கண்டுபிடிக்க முன்பு செய்த விரல் சோதனையே போதும். கருவியைப் போட்டுக்கொண்டு காதுத் துளையை விரலால் அடையுங்கள். உண்மையான எலும்பு வழி ஒலி அடைத்ததும் பேஸ் ஏறி ஒலிக்கும். வெறும் ஒலிபெருக்கி என்றால் சத்தம் சட்டென்று குறைந்துவிடும்.

பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், அதனடியில் 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். கம்பியில்லா இயர்போனுக்கு அது கட்டாயம். வியர்வைக்குத் தாங்க 'ஐ.பி.எக்ஸ் 4' போதும். பிறகு, இளையராஜாவின் பேஸ் கிட்டார் நன்றாகக் கேட்கும் பாட்டு ஒன்றை, மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றை, பாதி ஒலியில் போட்டுக் கேட்கச் சொன்னேன். கடை இரைச்சலில் பேஸ் மங்கலாகத்தான் இருந்தது. வீட்டு அமைதியில் மறுபடி கேட்டபோது போதுமானதாக இருந்தது. வாங்கினது 1,800 ரூபாய்க்குள்.

இப்போது வீட்டிலும், ஞாயிறு காலை நடையிலும் போடுகிறாள். பேருந்து ஏறியதும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். ரயில் பாதை ஓரம் வசிக்கும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: திறந்த இயர்பட்ஸ்தானே, வெளிச் சத்தம் கேட்குமே என்று நம்பித் தண்டவாளத்தின் அருகே போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். மின்சார ரயில் வரும் சத்தத்தைப் பாட்டு மறைத்துவிடும். நடைமேடையில் கால் வைக்கும்போதே இரண்டையும் கழற்றிவிடுங்கள்.