கஜல் பாடகரும் கிதார் கலைஞரும்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், திரைப்படத்தைச் சாராத பாப் இசைக்கு இந்தியாவில் ஒரு குறுகிய வசந்தம் வாய்த்தது. 1995இல் அலிஷா சினாயின் ‘மேட் இன் இந்தியா’ வீதியெங்கும் ஒலித்தது. அந்த அலையில் வந்த ஒலிநாடாக்களுள் பல இன்று அலமாரிகளில் உறங்குகின்றன. 1996இல் வெளியான ‘கலோனியல் கசின்ஸ்’ இசைத்தொகுப்போ இன்னும் கேட்கப்பட்டு வருகிறது.

அதன் படைப்பாளிகள் இருவர். தாயிடம் கர்நாடக இசையும் உஸ்தாத் குலாம் முஸ்தபா கானிடம் இந்துஸ்தானி இசையும் பயின்று, கஜல் பாடகராகப் புகழ்பெற்றவர் ஹரிஹரன். தமிழர்களுக்கு அவரை ‘ரோஜா’ அறிமுகப்படுத்தியது. மேலைநாட்டு இசையில் ஊறிய கிதார் கலைஞர் லெஸ்லி லூயிஸ். மும்பையின் விளம்பர இசை உலகம் இருவருக்கும் பொதுவான களம். அரை நிமிடத்தில் கேட்பவரின் மனத்தைக் கவரவேண்டிய அத்தொழில், ராகத்தில் நெடுநேரம் திளைக்கும் பாடகருக்குச் சிக்கனத்தைக் கற்பித்திருக்கும் போலும்!

தொகுப்பின் உயிர்நாடி, வியாசராயர் இயற்றியதாகக் கருதப்படும் ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்னும் கன்னடப் பாடல். யமுனாகல்யாணியில் அமைந்து, பாலசரஸ்வதியின் அபிநயத்தால் பெரும்புகழ் பெற்றது அது. அத்தகைய பாடலைத் தொடுவது எளிய துணிவன்று. ராகம் ஒற்றை இழையாக வளர்வது. மேலை இசையோ சுரங்களை அடுக்கி ஒலிப்பது. அடுக்கு மிகுந்தால் கமகம் மங்கும். லூயிஸின் கிதார் அடக்கத்துடன் பின்னணியில் நிற்பதால், ஹரிஹரனின் குரல் தன் வளைவுகளை இழக்கவில்லை.

ஆயினும் பாடலின் நிலைபேற்றுக்கு முதன்மைக் காரணம் இசையமைப்பு மட்டுமன்று என்பதே நம் கருத்து. மூலப்பாடலில் ஒலிப்பது, அணிகலன்கள் ஒளிரும் குழந்தைக் கண்ணனை விரைந்து வருமாறு அழைக்கும் குரல். லூயிஸ் பாடும் ஆங்கிலப் பகுதியோ, துயருற்ற உலகைக் காக்க எந்தச் சமயத்தின் வடிவிலேனும் வருமாறு இறைஞ்சுகிறது. கொஞ்சும் அழைப்பு மன்றாட்டாக மாறிவிடுகிறது. தூய்மை விரும்பும் ரசிகர் சிலர் இதனை ஏற்கத் தயங்கலாம். அத்தயக்கத்திற்கும் நியாயம் உண்டு. எனினும் ஆங்கிலம் இங்கே அலங்காரமாக ஒட்டவைக்கப்படவில்லை. கன்னட வரிக்கு மறுமொழியாகவே அமைகிறது. பின்னாளில் வந்த எத்தனையோ கலப்பிசை முயற்சிகளில் இவ்வுரையாடலைக் காண்பது அரிது.

இவ்விணை 1998இலும் 2001இலும் மேலும் இரு தொகுப்புகளை வழங்கியது. ‘மோதி விளையாடு’ திரைப்படத்திற்கும் இசையமைத்தது. முதல் தொகுப்பின் வியப்பு அவற்றில் அதே அளவில் கூடிவரவில்லை. தொகுப்பைப் புதிதாகக் கேட்க விழையும் வாசகர்கள் ‘ச நி த ப’ பாடலையும் தவறவிட வேண்டாம். சுரப் பெயர்களே அதில் பாப் பாடலின் பல்லவியாகித் துள்ளுகின்றன.