எலக்ட்ரான்களின் பாய்ம ஓட்டமும் தற்சுழற்சிக் கடத்தலும்

உலோகக் கம்பியில் செல்லும் எலக்ட்ரான்கள் மாசுகளோடும் படிகத்தின் அதிர்வுகளோடும் மோதி உந்தத்தை இழப்பதால் மின்தடை தோன்றுகிறது. எலக்ட்ரான்கள் தமக்குள் மோதிக்கொள்வதும் உண்டு. மிகத் தூய பொருள்களில், குறிப்பிட்ட வெப்பநிலை எல்லைக்குள், இம்மோதலே மேலோங்கும். அப்போது அவை பாய்மம்போல் திரண்டு நகர்கின்றன. அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாக அமைந்த கொள்ளிடத்தில் நடு ஆற்று நீர் விரைந்தும் கரையோர நீர் மெதுவாகவும் செல்வதுபோல, கம்பியின் நடுவில் ஓட்டம் மிகுந்தும் விளிம்பில் குறைந்தும் அமைகிறது.

தம்முள் மோதும் இரு எலக்ட்ரான்களில் ஒன்று இழக்கும் உந்தத்தை மற்றொன்று பெறுகிறது. மொத்த உந்தம் மாறாததால் இம்மோதல் மின்னோட்டத்தைத் தளர்த்துவதில்லை. மாறாக, எலக்ட்ரான்கள் விளிம்பை எளிதில் சென்றடையாதவாறு அது தடுக்கிறது. எனவே குறுகிய கம்பியில் வெப்பநிலை உயரும்போது மின்தடை குறையக்கூடும் என்பதை 1963இல் குர்ழி கோட்பாட்டளவில் காட்டினார். 1995இல் டி யோங், மோலன்காம்ப் ஆகியோர் காலியம் ஆர்சினைடு கம்பிகளில் இதற்குச் சான்று கண்டனர். 2016இல் பலேடியம் கோபால்ட் ஆக்சைடு என்னும் தூய உலோகத்திலும் எலக்ட்ரான் பாய்மத்தின் பாகுநிலை மின்தடையில் பங்கேற்பது அறியப்பட்டது.

தற்சுழற்சி ஓட்டத்தின் நிலை வேறு. எலக்ட்ரானுக்கு இயல்பாக அமைந்த கோண உந்தமே தற்சுழற்சி. அது மேல், கீழ் என இரு நிலைகளை உடையது. மேல்நிலை எலக்ட்ரான்கள் ஒரு திசையிலும் கீழ்நிலை எலக்ட்ரான்கள் எதிர்த்திசையிலும் செல்லும்போது, மின்னூட்டம் நிகரமாக நகராமலே தற்சுழற்சி கடத்தப்படுகிறது. எதிரெதிரே வரும் இவ்விரு வகையும் மோதினால் மொத்த உந்தம் காக்கப்படும். ஆனால் அவற்றின் சார்பு உந்தம் குறையும். இதனை 2000இல் டி'அமிக்கோ, விக்னாலே ஆகியோர் 'தற்சுழற்சிக் கூலும் இழுவை' என விளக்கினர். காலியம் ஆர்சினைடு குவாண்டம் கிணறுகளில் தற்சுழற்சியின் விரவல், மின்னூட்டத்தின் விரவலைவிட மிகக் குறைவாக இருப்பது 2005இல் அளவிடப்பட்டது.

ஆகவே, மின்தடை குறைந்த பொருளில் தற்சுழற்சியும் எளிதில் பரவும் எனக் கருதுவது பாய்ம நிலைக்குப் பொருந்தாது. மின்னோட்டத்திற்குத் தீங்கு செய்யாத அதே மோதல், தற்சுழற்சி ஓட்டத்திற்குத் தடையாகிறது. எனினும் கூலும் மோதல் தற்சுழற்சியின் திசையை நேரடியாகத் திருப்புவதில்லை. அதனால் தற்சுழற்சி அழிவதில்லை, பரவுவதே தாமதமாகிறது. சாதாரண உலோகங்களில் மாசுகளும் அதிர்வுகளும் மேலோங்குவதால் இவ்விளைவு சிறியது.

2025இல் இந்திய அறிவியல் கழகத்தின் பெங்களூரு ஆய்வுக்குழு, மிகத் தூய கிராஃபீனில் எலக்ட்ரான் பாய்மத்தின் மின்கடத்தலும் வெப்பக்கடத்தலும் வழக்கமான விதியிலிருந்து பெரிதும் விலகுவதை வெளியிட்டது. மின்னூட்டமும் வெப்பமும் ஒருங்கே செல்லாத இத்தகைய பொருள்களில் தற்சுழற்சியையும் தனியே அளந்தறிதல் வேண்டும். தற்சுழற்சி மின்னணுவியலுக்குரிய பொருளைத் தெரிவுசெய்ய மின்தடை மட்டுமே அளவுகோலாகாது.