சமூகப் பணியாளர் மீது புகார் சொல்ல எங்கே போவது?

இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 4-ஆவது பிரிவில் ஒரு விசித்திரம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட சிறாரை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரோடு இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்கார வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். சரி, யார் அந்தச் சமூகப் பணியாளர்? குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலன் சார்ந்த வேலைகளில் 7 ஆண்டுகளாவது ஈடுபட்டவர். அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர். சமூகப்பணிப் பட்டம் அந்தப் பட்டியலிலேயே இல்லை! குழந்தைகள் நலக்குழு உறுப்பினர்களுக்கான 27-ஆவது பிரிவில்தான் அதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

சட்டம் எழுதியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியாவில் சமூகப் பணியாளர் என்று யாரைச் சொல்வது என்பதை எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக எந்த அமைப்பும் இதுவரை வரையறுத்துக் கையெழுத்திடவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கு 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். செவிலியருக்குக் கவுன்சில் உண்டு, வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் உண்டு. மும்பையில் டாடா நிறுவனம் 1936-லும், சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சமூகப்பணிப் பள்ளி 1952-லும் பயிற்சியை ஆரம்பித்துவிட்டன. அன்றிலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர்கள் ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். அவர்களுக்கென்று பொதுவான ஒரு பதிவேடுதான் வரவில்லை.

பதிவேடு இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். இவர்கள் எழுதும் காகிதங்களின் கனத்தைப் பார்த்தால் புரியும். ஒரு சிறுவன் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டால், அவன் வீடு, பள்ளி, சேர்க்கை, பின்னணி எல்லாவற்றையும் விசாரித்து 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். நன்னடத்தை அலுவலர் இல்லாத இடத்தில் குழந்தை நல அலுவலரோ சமூகப் பணியாளரோ அதை எழுதலாம். தத்தெடுக்க விண்ணப்பித்த தம்பதியின் வீட்டுக்குப் போய் அவர்கள் தகுதியானவர்களா என்று எழுதுபவரும் சமூகப் பணியாளரே. ஒரு குழந்தை எந்த வீட்டில் வளரும் என்பது அந்தச் சில பக்கங்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கே போகாமல் அறிக்கை எழுதினால்? ஆலோசனைக்கு வந்த பெண் சொன்ன ரகசியத்தை அவளுடைய மாமியாரிடம் சொல்லிவிட்டால்? பணம் கையாடினால் போலீஸ் இருக்கிறது, குழந்தையைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினால் போக்சோ சட்டம் இருக்கிறது. குற்றம் என்ற கோட்டுக்கு இப்பால் நடக்கும் அலட்சியத்துக்கும் நம்பிக்கை மோசடிக்கும்தான் போக்கிடம் இல்லை. அதிகபட்சம் அவர் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்திடம் முறையிடலாம். நிறுவனம் நீக்கினால், அடுத்த மாதமே வேறு மாவட்டத்தில் வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிடலாம். பழைய கதையைப் புதிய நிறுவனம் தெரிந்துகொள்ள வழி கிடையாது.

இங்கிலாந்து இந்த இடத்தைக் கடந்து வந்தது. 2000 பிப்ரவரியில் லண்டனில் விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி, வளர்த்தவர்களின் கொடுமையால் இறந்தாள். சமூகப் பணியாளர்கள், மருத்துவமனைகள், போலீஸ் எல்லோர் கண்ணிலும் பட்டிருந்த குழந்தை அவள். நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு நிறைவேறிய சட்டத்தின்படி ஒரு பொதுக் கவுன்சில் உருவாகி, 2005 முதல் பதிவு பெறாதவர் ‘சோஷியல் வொர்க்கர்’ என்று சொல்லிக்கொள்வதே குற்றமானது. அந்தக் கவுன்சிலை 2012-இல் கலைத்துச் சுகாதாரத் தொழில்களுக்கான அமைப்பிடம் பதிவேட்டைக் கொடுத்தார்கள். 2019 டிசம்பரில் அதையும் மாற்றி ‘சோஷியல் வொர்க் இங்கிலாந்து’ வந்தது. இருபது ஆண்டுக்குள் மூன்று அமைப்பு என்பது பெருமைப்படத் தக்க நிர்வாகம் அல்ல. ஆனாலும் ஒன்று நிலைத்துவிட்டது: வீட்டுக்கு வந்த பணியாளரின் பெயரை யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடலாம், புகார் தரலாம், விசாரித்துப் பெயரை நீக்கினால் அவர் சமூகப் பணியாளர் என்ற பட்டத்தோடு வேறெங்கும் வேலை பார்க்க முடியாது.

இது பணக்கார நாடுகளின் சொகுசு என்று ஒதுக்குபவர்கள் பிலிப்பைன்ஸைப் பார்க்கலாம். அங்கே 1965-லேயே சட்டம் போட்டுத் தேர்வும் பதிவும் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

உரிமம் என்றாலே நம்மவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது நுழைவுத் தேர்வு. அங்கேதான் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் தனி. கலிபோர்னியாவில் மனநலச் சிகிச்சை தரும் உரிமம் வேண்டுமானால் முதுகலைப் பட்டத்துக்குப் பிறகு மூத்தவர் மேற்பார்வையில் 3,000 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். அதோடு தேர்வும் உண்டு. பல மாநிலங்களுக்கும் பொதுவான அந்தத் தேர்வுகளை நடத்தும் சங்கம் 2022-இல் முதல் முறையாகத் தேர்ச்சி விவரத்தை இனவாரியாக வெளியிட்டது. சிகிச்சை நிலைத் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறிய வெள்ளையர் நூற்றுக்கு 84 பேர். கறுப்பினத்தவர் 45 பேர். வயதில் மூத்தவர்களும் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களும் கூடப் பின்தங்கியிருந்தார்கள். ஒரே படிப்பு, ஒரே களப்பயிற்சி முடித்து வந்தவர்களுக்குள் இவ்வளவு இடைவெளி என்றால், அந்தத் தேர்வு எதை அளக்கிறது? கறுப்பினக் குடும்பங்களுக்கு அவர்கள் மொழியில் பேசக்கூடியவரையே வாசலில் நிறுத்தும் வேலையை அது செய்துகொண்டிருந்தது. இல்லினாய் மாநிலம் அதற்கு முன்பே, சிகிச்சை சாராத முதுகலை நிலை உரிமத்துக்குத் தேர்வு தேவையில்லை என்று முடிவெடுத்திருந்தது. நம் ஊரில் இப்படியொரு தேர்வு ஆங்கிலத்தில் வந்தால், தருமபுரி மலைக் கிராமத்திலிருந்து படித்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி என்ன ஆவார் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

இங்கே இன்னொரு எதிர்ப்பும் உண்டு, அது நியாயமானது. கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பிறகு நாகை, தஞ்சை மண்ணில் நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் நிலம் வாங்கித் தந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனிடம் போய் உரிமம் எங்கே என்று கேட்பதா? கேட்கக் கூடாது, கேட்க வேண்டியதும் இல்லை. சேவை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நீதிமன்றத்துக்கும் நலக்குழுவுக்கும் அறிக்கை எழுதுவது, தத்தெடுப்புக்கு வீடு பார்ப்பது, மனநல ஆலோசனை தருவது, காப்பகக் குழந்தைகளின் கோப்பைக் கையாள்வது போன்ற வேலைகளுக்கு மட்டும் பதிவு கேட்டால் போதும்.

இந்தியாவில் முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. தேசியக் கவுன்சிலுக்கான வரைவு 1990-களிலேயே தயாரானது, சட்டமாகவில்லை. துண்டு துண்டாகச் சில கதவுகள் திறந்திருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சமூகப்பணி முதுகலையோடு இரண்டு ஆண்டு எம்.ஃபில். முடித்தவரையே மனநல சமூகப் பணியாளர் என்கிறது. மாநில மனநல ஆணையத்தில் அவர் பதிவு செய்ய வேண்டும். 2021-இல் வந்த துணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையிலும் மருத்துவ, மனநல சமூகப் பணியாளர்கள் இருக்கிறார்கள். ஆக, மருத்துவமனைக்குள் இருப்பவருக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. காப்பகத்தில், பள்ளியில், சிறையில், குடும்ப நீதிமன்ற வளாகத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் இல்லை. அதிகாரம் குறைந்த மனிதர்கள் அதிகம் வந்து நிற்கும் இடங்கள் அவைதான்.

சமூகப்பணிச் சங்கங்கள் உரிமம் கேட்கும்போது பெரும்பாலும் தொழிலின் மதிப்பையும் சம்பளத்தையும் முன்வைக்கின்றன. பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் அலையும் பணியாளர்களைப் பார்த்தால் அந்தக் கோரிக்கையில் தவறு காண முடியாது. ஆனால் பதிவேடு முதலில் தேவைப்படுவது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு. எனவே தேர்வு பிறகு வரட்டும். பெயர்ப் பட்டியலும், நடத்தை விதியும், தமிழில் புகார் எழுதித் தரக்கூடிய ஒரு மாநிலக் கவுன்சிலும் முதலில் வரட்டும். அதற்குத் தமிழக அரசு டெல்லியைப் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை.

அதுவரை வாசகர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இளைஞர் நீதிக் குழுமமோ குழந்தைகள் நலக்குழுவோ தவறான அறிக்கையை நம்பி உத்தரவு போட்டதாகத் தோன்றினால், பெரும்பாலான உத்தரவுகளை எதிர்த்து 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 101-ஆவது பிரிவு இடம் தருகிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.