பீஃப் ரோஸ்ட்டுக்கு ஓவன் வாங்கலாமா? ஒரு யூனிட், 233 ரூபாய் கணக்கு

மார்க்கையன்கோட்டையில இருக்கிற எங்க அக்கா 6,000 ரூபாய்க்கு ஒரு ஓடிஜி ஓவன் பார்த்து வச்சிருக்காங்க. காரணம் ஒண்ணுதான், பீஃப் ரோஸ்ட். கம்பம் தாண்டி குமுளிக்கு மலையேறிப் போய் சாப்பிடுறதை வீட்லயே செஞ்சிடலாமேன்னு ஆசை. "கரண்ட் பில் எகிறிடுமாடா?"ன்னு கேட்டாங்க. உங்க மீட்டர் இப்ப எத்தனையில நிக்குதுங்கிறதைப் பொறுத்துதான் இதுக்குப் பதில்.

1,500 வாட் ஓவன் 2 மணி நேரம் ஓடினா கணக்குப்படி 3 யூனிட். ஆனா சூடு ஏறினதும் தெர்மோஸ்டாட் விட்டு விட்டுத்தான் எரியவிடும். அதனால 2 யூனிட்னு வச்சுக்கலாம்.

இப்ப கட்டணம். 2022 செப்டம்பர் அட்டவணையை எடுத்துக்கிறேன் (2024-ல எண்கள் கொஞ்சம் ஏறுச்சு, கணக்கு முறை அதேதான்). 2 மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. 300 யூனிட் ஓடுற வீட்டுக்கு ஒரு ரோஸ்ட் 9 ரூபாய். கேஸ்ல செஞ்சாலும் கிட்டத்தட்ட அதேதான். சிலிண்டர் 900 ரூபாய்னு வச்சா 14.2 கிலோவுக்கு கிலோ சுமார் 63 ரூபாய், 150 கிராம் எரிஞ்சா ஒன்பதரை ரூபாய்.

சிக்கல் 500-ல இருக்கு. 500 யூனிட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501-க்கு 1,958! 500-ஐத் தாண்டினதும் 101-ல இருந்து 200 வரைக்குமான ரூ.2.25 சலுகை போயிடும், அந்த 100 யூனிட்டுக்கும் ரூ.4.50 விழும். அதுல 225, கடைசி யூனிட்டுக்கு 8. அக்கா வீட்ல மே மாசம் ஏசி ஓடும். ரீடிங் எடுக்க நாலு நாள் இருக்கும்போது மீட்டர் 499-ல நின்னா, அந்த ஞாயித்துக்கிழமை ரோஸ்ட் வேண்டாம்னுதான் சொல்லுவேன். போன ரீடிங்கைக் கழிச்சுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும்.

யூனிட்டைக் குறைக்கவும் வழி இருக்கு. வெளிநாட்டு வீடியோல வர்ற மாதிரி முழுத் துண்டை உள்ளே சிவப்பா விட்டு எடுக்கிற ரோஸ்ட் நம்ம கறிக்குச் சரிப்படாது, நார் ஜாஸ்தி. மிளகு, சோம்பு, மல்லி, இஞ்சி பூண்டு போட்டுப் பிசறி ஊறவச்சு, குக்கர்ல வேகவிடுங்க. அப்புறம் சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, தேங்காய் எண்ணெய் சேர்த்து ட்ரேல பரப்பி 200 டிகிரில 25 நிமிஷம். நடுவுல ஒரு தடவை கிளறணும். ஓவன் செலவு 0.6 யூனிட்டைத் தாண்டாது. (இப்படின்னா இரும்புச் சட்டியே போதுமேன்னு மாமா கேட்டார். நியாயமான கேள்வி!)

பெரிய செலவு மெஷின்தான். 6,000 ரூபாய் ஓவன் 5 வருஷம் உழைச்சா வருஷத்துக்கு 1,200. மாசம் ஒரு தடவைன்னா ஒவ்வொரு ரோஸ்ட் தலையிலயும் 100 ரூபாய் தேய்மானம். வாரம் ஒண்ணுன்னா 23 ரூபாய். பன், கேக், மீன்னு மத்ததுக்கும் ஓடினா இன்னும் இறங்கும். ரோஸ்ட்டுக்கு மட்டும்னா நான் வாங்க மாட்டேன்.

வாங்கறதுன்னு முடிவாயிட்டா ரெண்டு விஷயம். கிரெடிட் கார்டு 'நோ காஸ்ட் இஎம்ஐ'யில வட்டியை டிஸ்கவுண்டா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான். அப்புறம், 1,500 வாட்னா ஆறரை ஆம்பியர். பழைய வீட்டு 5 ஆம்பியர் பிளக்ல சொருகாதீங்க, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு 15 ஆம்பியர் பாயின்ட் போடச் சொல்லுங்க. அந்தக் கூலியையும் ஓவன் விலையோட சேர்த்துக்கணும்.