சாவித் துளைக்குள் சேலத்து மண்

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில், ராசிபுரம் பிரிவுக்குப் பக்கத்தில், ஒரு பங்குனி மாத மதியம். சீர்த்தட்டு மொத்தமும் டிக்கிக்குள் இருந்தது. டிக்கி திறக்கவில்லை. சாவி பாதி சுற்றியதும் நின்றது. டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கும் லீவரை இழுத்தாலும் வழக்கமான 'டொக்' சத்தம் இல்லை. சாவியை இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகப் போனேன். எதிரே லாரிக்கு பாடி கட்டும் பட்டறையிலிருந்து ஒரு பெரியவர் ஓடிவந்து தடுத்தார்.

"சாவிய விட்டுருங்க தம்பி, ஒடிஞ்சுரும். டிக்கி மேல ரெண்டு கையையும் வெச்சு நல்லா அமுக்கிப் புடிங்க. நான் லீவர இழுக்கறேன்."

அமுக்கினேன். இழுத்தார். திறந்துகொண்டது.

அவர் செய்ததில் இருப்பது பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். டிக்கி மூடியின் விளிம்பைச் சுற்றி ரப்பர் பட்டை ஓடுகிறது. மூடியைச் சாத்தும்போது அது நசுங்கி, மூடியை ஓயாமல் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சாமான் அதிகமாகத் திணித்திருந்தால் அதுவும் சேர்ந்து தள்ளும். அந்த விசை முழுவதையும் தாங்குவது கொண்டி. கொண்டியின் கொக்கி, வண்டியிலுள்ள கம்பி வளையத்தைக் கவ்விக்கொள்கிறது. கொக்கி விலகாமல் ஒரு சிறிய இரும்பு நாக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. சாவியோ லீவரோ செய்வதெல்லாம் அந்த நாக்கை நகர்த்துவது மட்டும்தான். இரண்டு பரப்புகளை அழுத்தும் விசை கூடக்கூட உராய்வும் கூடும். மேலிருந்து அமுக்கினால் கொக்கி நாக்கின் மேல் கொடுக்கும் அழுத்தம் தளர்கிறது, உராய்வு குறைகிறது, நாக்கு லேசாக விலகுகிறது.

ஆக, டிக்கி மாட்டிக்கொண்டால் கோளாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று கொண்டி, மற்றது சாவி நுழையும் பூட்டு உருளை. இரண்டுக்கும் வைத்தியம் வேறுவேறு. நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே மருந்தாக எண்ணெய் விடுகிறோம். பாதிப் பூட்டுகள் கெடுவது அதனால்தான் என்பது என் கணிப்பு.

பூட்டு உருளைக்குள் என்ன இருக்கிறது? லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861ல் காப்புரிமை பெற்ற குச்சிப் பூட்டின் நெருங்கிய உறவு இது. குச்சிகளுக்குப் பதிலாக, கார்ப் பூட்டில் பெரும்பாலும் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் முடி போன்ற ஒரு ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் எல்லாத் தகடுகளும் உருளைக்குள் அடங்கும், உருளை சுழலும். ஒரே ஒரு தகடு அடங்காமல் போனாலும் சுழலாது. தகட்டுக்கும் அது ஓடும் காடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு. நம் மண்ணுக்கு அந்த இடைவெளி போதும்.

சேலத்துக்கு வடக்கே, மாக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே கனிமத்தின் பெயர் வைத்த வட்டாரம் இது. அங்கே மாக்னசைட் எனும் வெள்ளைக்கல்லின் சுரங்கத் தூசி, சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல் தூசி, நாமக்கல் பக்கம் கல்குவாரித் தூசி. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் பித்தளை சுமார் 3. வெள்ளைக்கல் சுமார் 4. குவாரித் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7. பித்தளையைக் கீறித் தேய்க்க இது தாராளமாகப் போதும்.

இந்தத் தூசி காய்ந்து கிடக்கும்வரை சாவி போய்வரும்போது ஓரளவு உதிர்ந்துவிடும். எண்ணெய் பட்டால் பசையாகிறது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். மார்கழி இரவில் சேலம் 20 டிகிரிக்கும் கீழே இறங்கும். காலையில் குளியலறை எண்ணெய் பாட்டிலில் பார்க்கும் அதே வெள்ளைக் கட்டி தகடுகளுக்கு நடுவிலும் இருக்கும். நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லமெல்லப் பிசினாகும். அடுப்படிச் சுவரில் படியும் பிசுக்கு அதுதான். திண்டுக்கல் பூட்டுக்கு எண்ணெய் விட்டு வளர்ந்த பழக்கம் நமக்கு. அதன் நெம்புகோல்கள் பெரியவை, அது தாங்கும். கார்ப் பூட்டு தாங்காது.

மூன்றாவது எதிரி தண்ணீர். வாட்டர் சர்வீஸில் பீய்ச்சுவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர், காவிரியின் நல்ல தண்ணீர் அல்ல. பாறையைக் கரைத்துக்கொண்டு வரும் அந்த உப்புத் தண்ணீர் காய்ந்ததும், வாட்டர் ஹீட்டரில் படிவதுபோல் உருளைக்குள்ளும் வெள்ளை படிகிறது. சாவித் துளைக்கு நேராகக் குழாயைப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பூட்டு உருளைக்கு ஏற்றது உலர்ந்த மசகு. கிராஃபைட் தூள் அதில் ஒன்று. சிவகங்கையில் தோண்டி எடுக்கிறார்களே, அதே கனிமம். கரி அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்து, அடுக்குகளுக்கிடையே பிடிப்பு குறைவாக இருப்பதால் சீட்டுக்கட்டு போல வழுக்கும். இதிலும் ஒரு வியப்பு உண்டு. இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மின்னியந்திரங்களில் கிராஃபைட் கலந்த கரித் தூரிகைகள் மளமளவென்று தேய்ந்து தூளாயின. காற்றிலுள்ள ஈரத்தின் மெல்லிய படலம் இருந்தால்தான் கிராஃபைட் நன்றாக வழுக்கும் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. நம் தரைமட்டக் காற்றில் அந்தக் குறை இல்லை. அவசரத்துக்கு 6பி பென்சிலைச் சாவியின் மேல் நன்றாகத் தேய்த்து நாலைந்து முறை நுழைத்து எடுக்கலாம். சாதாரண எச்பி பென்சிலில் களிமண் கூடுதல், அது வேண்டாம்.

முன்பே எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் போடக்கூடாது, கரிப்பசை ஆகிவிடும். முதலில் கழுவ வேண்டும். டபிள்யூ.டி. 40 அதற்கு உதவும். 1953ல் சான்டியேகோவில், உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்காக, நாற்பதாவது முயற்சியில் உருவான கலவை அது. அழுக்கை இளக்கிக் கரைக்கும். ஆனால் நெடுநாள் மசகாக நிற்காது. காய்ந்த பிறகு கிராஃபைட்டோ, டெஃப்லான் கலந்த உலர் ஸ்பிரேயோ அடிக்கலாம்.

கொண்டிக்கு மட்டும் கிரீஸ் வேண்டும். பழைய கிரீஸை மண்ணோடு துடைத்தெடுத்துவிட்டு, கொக்கியிலும் நாக்கிலும் கொஞ்சமாகப் புதிதாகத் தடவ வேண்டும். ரப்பர் பட்டையில் அது படக்கூடாது, ஊதிக் கெட்டுவிடும். ரப்பருக்கு சிலிக்கோன் ஸ்பிரே.

ரிமோட்டில் திறக்கிற வண்டிக்காரர்கள் வருடக்கணக்கில் சாவித் துளையைத் தொடுவதே இல்லை. பேட்டரி இறங்கிய அன்றைக்குத்தான் தேடுவார்கள், அன்றைக்கு அது சுழலாது. மாதம் ஒருமுறை சாவியால் திறந்து மூடினாலே தகடுகள் உயிரோடு இருக்கும். லீவரையும் கொண்டியையும் இணைக்கும் கேபிள் அறுந்திருந்தால் எந்த மசகும் உதவாது. பின்சீட்டு மடங்கும் வண்டியில் அந்த வழியாக உள்ளே கைவிட்டு நாக்கை நகர்த்தலாம். மடங்காத வண்டிக்கு மெக்கானிக்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1998 கோடையில் அமெரிக்காவில் நாலு வாரத்துக்குள் 11 குழந்தைகள் கார் டிக்கிகளுக்குள் மாட்டி இறந்தார்கள். அதன் பிறகு, 2001 செப்டம்பர் முதல் அங்கே தயாராகும் கார்களின் டிக்கிக்குள் இருட்டில் தெரியும் ஒரு கைப்பிடி கட்டாயமானது. இழுத்தால் உள்ளிருந்தே திறக்கும். சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரி தொடும்போது மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் இன்னும் 10 டிகிரி ஏறும். உங்கள் டிக்கிக்குள் அப்படியொரு கைப்பிடி இருக்கிறதா என்று இன்றைக்கே திறந்து பாருங்கள். இல்லையென்றால், வாசலில் நிற்கும் வண்டியின் டிக்கி எப்போதும் பூட்டியிருக்கட்டும். சாவி பிள்ளைகளுக்கு எட்டாத ஆணியில் தொங்கட்டும்.