லயம் போனால் எங்கே போவது?

மலாக்காவின் துக்காங் எமாஸ் வீதியில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சு ஆட்சியில் கிடைத்த நிலத்தில் 1781இல் தெய்வநாயகம் செட்டி கட்டியது. பக்கத்திலேயே கம்போங் கிளிங் பள்ளிவாசல், சற்றுத் தள்ளி சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். மும்மதமும் தோளுரசி நிற்கும் அந்த வீதி நம் பெருமைதான். ஆனால், அந்த விநாயகரை வைத்துக் கும்பிட்ட மலாக்கா செட்டிகளின் குடியிருப்பு இன்று அங்கே இல்லை.

1511இல் போர்த்துகீசியர் வருவதற்கு முன்பே இத்துறைமுகத்தில் வாணிபம் செய்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வாணிபம் கைநழுவியதும் நகர நடுவை விட்டு காஜா பேராங் பக்கம் ஒதுங்கினார்கள். பேச்சு மலாய், மரபு உடுப்பு சாரோங், கும்பிடுவது மாரியம்மனை. மொழி மாறியும் அவர்கள் ஒரு சமூகமாகவே நிற்பதற்குக் காலடியில் இருக்கும் கோயில் நிலம் பெரிய காரணம்.

குடியேறிகள் முதலில் நகர மையத்தை ஒட்டித் தங்கி, வசதி வர வர வெளியே நகர்வார்கள் என்று 1925இல் சிகாகோவின் சமூகவியலாளர் எர்னஸ்ட் பர்ஜஸ் எழுதினார். மலாக்காவில் செட்டிகள் வெளியே போனது வசதி குறைந்தபோது. ரப்பர் தோட்டத் தமிழர்களோ நகரத்தில் தங்கவே இல்லை. நேரே காட்டுக்குள் கொண்டுபோய் விடப்பட்டவர்கள்.

1896இல் மலாக்காவின் சீன வணிகர் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் எழுந்தது. ஆள்சேர்ப்பவர்களான கங்காணிகள் தமிழக ஊர்களிலிருந்து ஆள் சேர்த்து வந்தார்கள். மேட்டில் துரை பங்களா, தள்ளி கணக்கர் கிராணியின் வீடு, அதற்கும் கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு பால்மரம். கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாம் வேலிக்குள்ளேயே. அந்த ஒதுக்கத்தில்தான் தமிழ் பிழைத்தது என்பதும் உண்மை. அதற்காக அதைக் கொண்டாட என்னால் முடியவில்லை. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போன அன்றே கூரையும் போகும்.

அதுதான் நடந்தது. விடுதலைக்குப் பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில நிலங்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளாயின. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் வாடகைக்கு வீடு தேடினார்கள். 1980ஆம் ஆண்டு ஆட்குறைப்பு விதிகளின்படி, ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. வீட்டுக்கு அதில் எதுவும் இல்லை. லயம் மிஞ்சியிருக்கும் தோட்டம் எதுவாயினும், அதை விற்குமுன் அங்குள்ள குடும்பங்களுக்கு அதே மண்ணில் மனையும் பட்டாவும் தருவதை மாநில அரசு நிபந்தனையாக்க வேண்டும்.