பரிசல் ஊரில் கயாக்

1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுக்கீசியர் டொமிங்கோ பயஸ், அங்கே ஆற்றைக் கடக்க உதவிய பரிசல்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம். ஆனால் நேராகப் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பது அவர் கண்டது. மைசூருவிலிருந்து சுமார் 45 கி.மீ. தள்ளி, தலக்காட்டுக் காவிரியில் இன்றும் பரிசல் ஓடுகிறது. தோல் போய் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்துவிட்டன. சுற்றல் மட்டும் போகவில்லை.

காரணம் பரிசலின் வட்ட வடிவம்தான். ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் எந்தப் படகும் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். நீளமான படகு என்றால் முனைகளை அழுத்தும் தண்ணீர் அந்தத் திருப்பத்தைத் தடுக்கும். வட்டத்துக்கு அந்தத் தடை கிடையாது. அதனால்தான் பரிசல்காரர் முன்புறம் இருந்துகொண்டு தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். இதற்கு ஈடாக வட்டம் தருவது பெரிய வசதி: 2 மீட்டர் விட்டமுள்ள தட்டையான பரிசல், ஆட்களோடு சேர்த்து 400 கிலோ இருந்தாலும் தண்ணீரில் ஏறக்குறைய 13 செ.மீ. மட்டுமே அமிழும். பாறை துருத்தும் கோடைக் காவிரிக்கு இதைவிடத் தோதான படகு ஏது?

ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்களும் பரிசலைப் போலவே சட்டமும் தோலுமாகத்தான் தொடங்கினார்கள். கரையொதுங்கிய மரத்தில் சட்டம், மேலே சீல் தோல். ஆனால் அவர்களுக்குச் சத்தமில்லாமல், கோடு பிடித்தாற்போல் இரையைத் துரத்த வேண்டியிருந்தது. படகு ஒடுங்கி நீண்டது. துடுப்புக்கு இரு முனையிலும் அலகு வந்தது. வலப்பக்கம் போட்டதால் வரும் திருப்பத்தை அடுத்து இடப்பக்கம் போடுவது சரிக்கட்டிவிடும். கயாக் என்பது அவ்வளவுதான்.

இன்று விலை குறைந்த கயாக்குகள் பாலிஎத்திலீனில் வருகின்றன. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி செய்யும் முறையேதான்: பிளாஸ்டிக் தூளை அச்சில் கொட்டி, உலையில் வைத்துச் சுழற்றினால் அது உருகி உட்சுவரில் படியும். கனம் அதிகம், ஆனால் கல்லில் உரசினாலும் தாங்கும். பழைய படகாக வாங்குபவர்கள் கீறல்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. வெயிலில் வெளிறி மொறுமொறுப்பான இடங்களையும் வெடிப்புகளையும்தான் தேட வேண்டும்.

நீளமான படகுதான் நல்ல படகு என்று விற்பவர் சொல்வார். பாதி உண்மை. ஓடும் படகு தானே அலை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டு, படகின் நீளத்தை எட்டியதும் படகு தன் அலை மீதே ஏற வேண்டியதாகிறது. இந்த வரம்பு 9 அடிப் படகுக்கு மணிக்கு 7.4 கி.மீ. அளவிலும், 16 அடிப் படகுக்கு 10 கி.மீ. அளவிலும் வருகிறது. புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் வேகமோ நாலு, ஐந்து கி.மீ.தான். எட்டாத வரம்புக்கு எதற்குக் காசு? குட்டையான, அகலமான, மேலே உட்காரும் வகை போதும். அதன் தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால், உள்ளே வரும் தண்ணீர் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் ஆள் உள்ளே சிக்கிக்கொள்வதில்லை.

சிக்கனம் பார்க்கக் கூடாதது லைஃப் ஜாக்கெட்டில்தான். தண்ணீருக்குள் மனித உடல் ஏறக்குறைய எடையற்றது. தலையை மட்டும் மேலே நிறுத்தினால் போதும். நீந்தத் தெரிந்தவருக்கு 50 நியூட்டன், அதாவது ஐந்து கிலோவைத் தாங்கும் மிதப்பு போதுமானது. தெரியாதவருக்கு 100 நியூட்டன் வகை. வார்களை இறுக்கியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்தால் ஜாக்கெட் காதுவரை ஏறக் கூடாது. ஏறினால், அளவு தவறு.

மைசூருக்காரர்கள் படகு வாங்குமுன் வாடகைக்கு ஓட்டிப் பார்க்க, டி.நரசிபுரா சாலையில் உள்ள வருணா ஏரி பக்கம் போகலாம். காவிரியில் அவசரமாக இறங்குவது சரியல்ல. அந்த ஆற்றில் உள்ள ரங்கனதிட்டு 1940 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே பாறைகளில் வெயில் காய்வது முதலைகள். கிருஷ்ணராஜசாகர் அணையில் மதகு திறந்தால் கீழே நீர்மட்டம் சட்டென்று ஏறும்.

ஏரியில் தொல்லை காற்றுதான், அதிலும் தென்மேற்குப் பருவ மாதங்களில். காலையிலேயே இறங்கி, கையில் வலு இருக்கும்போதே எதிர்காற்றில் போய்விட்டால், திரும்பும்போது காற்று தள்ளிவிடும். அப்பார்ட்மென்ட்காரருக்கு இன்னொரு சிக்கல் உண்டு: மூன்று மீட்டர் படகை லிஃப்டில் ஏற்ற முடியாது. காற்றடைக்கும் வகை அங்கே கைகொடுக்கும். மடித்தால் பைக்குள் போகும்; ஆனால் காற்று வீசும் நாளில் அது காகிதம் போல ஒதுங்கும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.